ஆஃப் ஆகாமல் அடையாறு வரை

செப். 8, திங்கள்

காலையிலிருந்து மூட்டம். மழை இல்லை, புழுக்கம் மட்டும். டிரைவர் பாபு வரவில்லை. ஃபோன் ஸ்விட்ச் ஆஃப். சனிக்கிழமையே சாடையாகச் சொன்னான். "கியர் வண்டி நமக்கு ஒத்து வரல யக்கா. சிக்னலுக்கு சிக்னல் க்ளட்ச் மிதிச்சு மிதிச்சு முட்டி பூட்சு." சும்மா சொல்கிறான் என்று விட்டுவிட்டேன்.

இவருக்குப் பதினோரு மணிக்குக் கரண்ட். அடையாறில். குரல்வளைப் புற்றுக்குக் கதிர்வீச்சு வைக்கிறார்கள். மூன்றாவது வாரம். கழுத்தின் முன்பக்கம் கறுத்து, தொட்டால் துள்ளுகிறார். குரல் சுத்தமாக இல்லை. கிசுகிசுக்கக்கூட வேண்டாம் என்று டாக்டரம்மா உத்தரவு. எங்கள் பாத்திரக்கடையில் நாள் முழுக்கச் சத்தம் போட்டு வியாபாரம் பார்த்த மனுஷன்.

டாக்சிக்கு வர மாட்டார். போன வாரம் பாபு லீவு போட்ட அன்று டாக்சியில் போனோம். உள்ளே வாசனை பாட்டில். அவன் போட்ட பிரேக்குகள் வேறு. சைதாப்பேட்டையில் இவருக்கு வாந்தி. அந்த ஆள் எங்களை அங்கேயே இறக்கிவிட்டான். பிளாட்பாரத்தில் பாலிதீன் பையோடு இவர் உட்கார்ந்திருந்தது. அதை எழுத வேண்டாம்.

இன்று கொழுந்தனார் கணேசன் கடையை விட்டுவிட்டு வந்து எங்கள் காரை ஓட்டினார். தி.நகரில் கடை, தீபாவளிச் சரக்கு இறங்குகிற நேரம். ஸ்கூட்டர்தான் அவருக்குப் பழக்கம். வழி முழுக்கச் செகண்டிலேயே வண்டி உறுமல். இவர் கண்ணை மூடிக்கொண்டார். இறங்கும்போது கணேசன், தினமும் தன்னால் முடியாது, வேறு ஏற்பாடு பார்க்கணும் என்றார். அவர் மேல் தப்பில்லை.

சாயங்காலம் பீரோவில் என் லைசென்ஸைத் தேடி எடுத்தேன். புதுப்பித்து வைத்ததும் இவர்தான். எட்டு போட்டுக் காட்டியதோடு சரி, தனியாக ரோட்டில் ஓட்டினது கிடையாது.

நான் ஓட்டுகிறேன் என்றேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"பின்ன யாரு ஓட்டுவா?"

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

செப். 9, செவ்வாய்

விடிந்தும் விடியாமலும் தெருவில் நான். வாட்ச்மேன் பெருமாள் கேட்டைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார். ரொம்பவே ஒதுங்கி.

க்ளட்சை முழுக்க மிதி. ஃபர்ஸ்ட். ஆக்சிலேட்டர் துளி. க்ளட்சை மெதுவாக விடு. மெதுவாக என்றால் எவ்வளவு மெதுவாக? இன்ஜின் ஆஃப். மறுபடி ஆஃப். ஒரு தடவை குதித்துவிட்டு ஆஃப். பால் வண்டிக்காரர் சைக்கிளை உருட்டிக்கொண்டு எதிர்ப்பக்கமாகப் போனார்.

கல்யாணமான புதிதில் இவர் சொல்லிக்கொடுத்தார். சொல்லிக்கொடுத்தார் என்பது மரியாதைக்கு. கத்தினார். அசோக் பில்லர் பக்கத்தில் நடுரோட்டில் இறங்கி, ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டேன். அதோடு போனது ஆசை.

திரும்பிப் பார்த்தால் இவர் கீழே. கைலி, கழுத்தைச் சுற்றிப் பருத்தித் துண்டு. இடதுபக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார். என் இடது கை மேல் தன் கையை வைத்து கியரை நகர்த்தினார். ஃபர்ஸ்ட், செகண்ட், நடுவில் நியூட்ரல். கை சுட்டது, லேசாகக் காய்ச்சல் இருந்திருக்கும். அப்புறம் டாஷ்போர்டில் விரலால் ஒரு தட்டு: கியர் மேலே. இரண்டு தட்டு: கீழே. உள்ளங்கையை விரித்தால்: பொறு.

தெருக்கோடி வரை போய்த் திரும்பினோம். இவரால் கத்த முடியவில்லை. நினைத்ததும் சிரிப்பு வந்தது, உடனே அழுகை. கியரைப் பார்ப்பது போலக் குனிந்துகொண்டேன்.

செப். 11, வியாழன்

வெயில். ஆஸ்பத்திரிக்கு முதல் தடவை நானே; நேற்று வரை கணேசன். முந்தின இரவு தூக்கம் இல்லை.

மாம்பலம் வரை பரவாயில்லை. அரங்கநாதன் சுரங்கப்பாதையில் இறங்கியாச்சு. ஏறுகிற பக்கம் வரிசை நகரவில்லை. மேட்டில் நிற்கிறேன். முன் வண்டி நகர்ந்தது, க்ளட்சை விட்டேன், ஆஃப். பிரேக்கிலிருந்து காலை எடுத்த அந்த நொடியில் வண்டி பின்னால் உருண்டது. டக் என்று ஒரு சத்தம். பின்னால் ஆட்டோ.

டிரைவர் இறங்கி ஜன்னலுக்கு வந்தார். "இன்னாம்மா, ரிவர்ஸ்ல போய்க்கினு கீற? முன்னாடிதான வழி கீது?" இவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். காற்று மட்டும் வந்தது. ஆட்டோக்காரர் இவர் கழுத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தன் பம்பரைத் தடவிப் பார்த்துவிட்டு, சீக்கிரம் எடு என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பின்னால் ஹாரன், ஹாரன், ஹாரன்.

இவர் ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பிடித்தார். பிடித்தபடியே என்னைப் பார்த்துத் தலையசைத்தார். ஸ்டார்ட் செய்தேன். ஃபர்ஸ்ட். க்ளட்சை விட விட, ஓர் இடத்தில் வண்டியின் மூக்கு லேசாக எழும்பி, உடம்பு முழுக்க ஒரு நடுக்கம். அந்த இடத்தில் இவர் ஹேண்ட் பிரேக்கை விட்டார். வண்டி ஏறியது. கால் என்னுடையது, கை இவருடையது. மேலே வந்து சி.ஐ.டி. நகர் வெளிச்சத்தைப் பார்த்ததும்தான் மூச்சு விட்டேன்.

இவர் நெற்றி முழுக்க வியர்வை. ஒரு தட்டு. செகண்டுக்குப் போகச் சொல்கிறார்.

செப். 15, திங்கள்

நேற்று மழை, இன்று சேறு. வாங்க வேண்டியவை: தேங்காய் எண்ணெய், இளநீர், கஞ்சி மாவு, தட்டையான செருப்பு எனக்கு.

புடவை சரிப்படாது. கொசுவம் க்ளட்சில் மாட்டியது. சைதாப்பேட்டைப் பாலத்தில் உயிர் போய் வந்தது. இனி சுடிதார்.

இடது முட்டி வலி. பாபு பொய் சொல்லவில்லை. நந்தனம் பக்கம் மெட்ரோ வேலை என்று எல்லா வண்டியும் இந்தப் பக்கம் வந்து குவிகிறது. நகர்ந்தால் க்ளட்ச், நின்றால் க்ளட்ச். ராத்திரி படுத்த பிறகும் கால் தானாக மிதிக்கிறது.

இவருக்கு ஓங்கரிப்பு வந்தால் முதுகைத் தடவிவிட எனக்குக் கை இல்லை. இடது கை கியரில். இன்று அப்படித்தான். சின்னமலை சிக்னல். பையை இவரே பிடித்துக்கொண்டு, இவரே வாயைத் துடைத்துக்கொண்டு. நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு. பாழாய்ப்போன வண்டி.

செப். 18, வியாழன்

வெயில் இல்லாத காலை. திரும்பும்போது வழி தப்பிக் காந்தி மண்டபம் சாலையில் போய்விட்டேன். ரோடு காலி. ஒரு பக்கம் முழுக்க மரம். செகண்ட், தேர்ட். தேர்டிலிருந்து ஃபோர்த்துக்கு கியர் தானே வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது, இன்ஜின் சத்தம் சட்டென்று அடங்கியது. இவர் தட்டவில்லை. நான் காதால் கேட்டே மாற்றியிருக்கிறேன்.

எதிரே வேகத்தடை. பிரேக்கைத் தொடாமல் தேர்டுக்கு இறக்கினேன். வண்டி நான் சொன்னதைக் கேட்டது. வீட்டில், கடையில், ஆஸ்பத்திரியில் எதுவும் என் சொல் கேட்காத நாட்களில் இது ஒன்று கேட்டது.

இவரைப் பார்த்தேன். ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார். கன்னத்தில் சிரிப்பின் ஓரம்.

எடை குறைந்துகொண்டே வருகிறது. டாக்டரம்மாவுக்குத் திருப்தி இல்லை.

செப். 24, புதன்

மாலை மழை. கணேசன் ஒரு ஆட்டோமேட்டிக் வண்டியோடு வந்து நின்றார். தெரிந்த புரோக்கர் மூலம், இரண்டு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு சொன்னால் போதுமாம். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பழையதை எடுத்துக்கொள்ளவும் ஆள் பேசி வைத்திருக்கிறார்.

கேட்காமல் ஏன் செய்தீர்கள் என்றேன். சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது. சுரங்கப்பாதையில் ஆட்டோவில் இடித்தது எப்படியோ அவர் காதுக்குப் போயிருக்கிறது.

"அண்ணன வச்சுக்கிட்டு வண்டி படிக்கியளே மைனி. எதுவும் ஆச்சுன்னா யாரு பதில் சொல்லுதது?"

அவர் பயம் நியாயமானது. என் பயமும் அதேதான். இவர் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு எழுந்து உள்ளே போனார். பழைய வண்டியை மூலைக்குத் தள்ளிவிட்டுப் புதியதை முன்னால் நிறுத்தினார் கணேசன்.

செப். 26, வெள்ளி

தூறல். இரண்டு நாளாக ஆட்டோமேட்டிக்தான். உண்மையை எழுதுகிறேன்: சுகம். இடது காலுக்கு லீவு. சுரங்கப்பாதை மேட்டில் பிரேக்கை விட்டால் தானே ஊர்ந்து ஏறுகிறது. ஓங்கரிப்பு வந்தபோது இவர் முதுகைத் தடவிவிட்டேன். இதையே வாங்கிவிடலாம் என்று எனக்குள் முடிவே ஆகிவிட்டது.

ஒன்றுதான். இவர் கை மடியிலேயே கிடக்கிறது. தட்ட ஒன்றும் இல்லை, பிடிக்க ஒன்றும் இல்லை. சின்னமலையில் பழக்கத்தில் ஹேண்ட் பிரேக்குக்குக் கை போனது. தேவை இல்லை என்று தெரிந்து எடுத்துக்கொண்டார். மூட்டையை ஏற்றிக்கொண்டு போகிற மாதிரி இருந்தது எனக்கு. இவருக்கு எப்படி இருந்ததோ. கேட்டாலும் சொல்ல முடியாது.

அக். 1, புதன்

ஆயுத பூஜை. ஆஸ்பத்திரி நாளையும் லீவு. கடை பூஜைக்கு இவர் போகவில்லை, ஆட்கள் கேள்வி கேட்பார்கள் என்று. வீட்டில் வண்டிக்குப் பொட்டு வைக்கப் போனேன். எந்த வண்டிக்கு? இரண்டுக்கும் வைத்தேன். மூலையில் நிற்கிற வண்டியின் மேல் மழைத்தண்ணீரும் வேப்பிலையும். ஸ்டார்ட் செய்து பார்க்கணும் என்று நினைத்தேன். கஞ்சி அடுப்பில், மறந்துவிட்டேன்.

இவருக்கு மூச்சில் ஒரு சின்ன சத்தம். உள்ளே இழுக்கும்போது. சளி என்று நினைக்கிறேன். வெள்ளிக்கிழமை சொல்லணும்.

அக். 5, ஞாயிறு, ஆஸ்பத்திரி

மழை விட்டிருக்கிறது. கணேசன் கொண்டுவந்த துணிப்பையில் இந்த டைரியும் இருந்தது. படித்திருப்பாரோ. படிக்கட்டும்.

நேற்று நடந்தது.

வெள்ளிக்கிழமை டாக்டரம்மாவிடம் சத்தத்தைப் பற்றிச் சொன்னேன். பார்த்துவிட்டு மாத்திரை எழுதினார். மூச்சுத் திணறினால் ஒரு நிமிஷம் வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்று இரண்டு தடவை சொன்னார்.

நேற்று மதியத்திலிருந்து மழை கொட்டியது. கணேசன் சரக்கு எடுக்க ஆட்டோமேட்டிக்கைக் கடைக்குக் கொண்டுபோயிருந்தார். நாலு மணி போல இவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். மூச்சை இழுக்கும்போது விசில் மாதிரி ஒரு சத்தம். கழுத்துக் குழி உள்ளே போய்ப் போய் வந்தது. உதட்டில் நிறம் இல்லை. ஆம்புலன்சுக்கு அடித்தேன். வருகிறார்கள், ஆனால் வழியெல்லாம் தண்ணீர், நேரம் ஆகும் என்றார்கள். கணேசன் உஸ்மான் ரோட்டில், முன்னும் போக முடியாமல் பின்னும் போக முடியாமல்.

கைத்தாங்கலாகக் கீழே இறக்கி மூலை வண்டியில் ஏற்றினேன். சாவியைத் திருப்பினால் டிக் டிக். விளக்கு மங்கி அணைந்தது. பேட்டரி இல்லை. மறுபடி. டிக். இத்தனை நாள் மழையில் தொடாமல் விட்ட வண்டி.

இவர் கையைத் தூக்கினார். இரண்டு விரல். இரண்டு தட்டா, கியர் கீழேயா, என்ன சொல்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. விரலை மறுபடி காட்டி, தெருவைக் காட்டி, கையால் தள்ளுவது போல் காட்டினார். செகண்ட். தள்ளி ஸ்டார்ட் பண்ணு.

பெருமாளைக் கத்திக் கூப்பிட்டேன். மேல்வீட்டு ரகுராமன் மாமா சத்தம் கேட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி வந்தார். எழுபது வயசு. "நாங்க தள்ளிண்டே வர்றோம், நீங்க அவசரப்பட்டு விட்டுடாதீங்கோ" என்றார். கேட்டைத் தாண்டித் தெரு கொஞ்சம் சரிவு. சாவி ஆன். செகண்ட். க்ளட்ச் முழுக்க. வண்டி உருண்டது. வேகம் போதவில்லை. இன்னும் கொஞ்சம். பின்னால் அவர்கள் செருப்புச் சத்தம் தண்ணீரில். காலை எடுத்தேன். வண்டி ஒரு குலுங்கு குலுங்கி, நின்றுவிடும் போல் திணறி, பிடித்துக்கொண்டது. நன்றி சொல்ல நிற்கவில்லை.

சுரங்கப்பாதை தண்ணீர் நிரம்பி மூடியிருக்கும் என்று பெருமாள் சொல்லியிருந்தார். எனவே அசோக் பில்லர், ஈக்காட்டுத்தாங்கல், கிண்டி. எனக்குப் பழக்கமே இல்லாத வழி. நினைவில் இருந்தது ஒன்றே ஒன்று: ஆஃப் ஆனால் முடிந்தது. வழியில் தள்ள யாரும் வர மாட்டார்கள்.

ஈக்காட்டுத்தாங்கலில் ரோடு தெரியவில்லை, தண்ணீர்தான். ஃபர்ஸ்ட். ஆக்சிலேட்டரை விடவே இல்லை, க்ளட்சைப் பாதியில் பிடித்தபடி. வண்டி அலறியது. எரிகிற வாடை. பக்கத்தில் ஒரு கார் நடுத்தண்ணீரில் நின்றுபோய், உள்ளே ஒருவர் ஃபோனில் பேசிக்கொண்டிருந்தார். பார்க்காதே, பார்க்காதே என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

கிண்டியில் எல்லாம் நின்றுவிட்டது. நகரும், நிற்கும். ஒவ்வொரு தடவையும் இடது முட்டி தனியாக ஆடியது. கையால் தொடையை அழுத்திப் பிடித்தேன். இவர் தட்டவில்லை. தலை கதவில் சாய்ந்திருந்தது. அந்த விசில் மட்டும். அது கேட்டால் எனக்குப் பயம், கேட்காவிட்டால் அதைவிடப் பயம். ஒரு சிக்னலில் கேட்கவில்லை. "ஏங்க" என்றேன். "ஏங்க." கையைத் தூக்கினார். உள்ளங்கை விரிந்திருந்தது. பொறு.

கிண்டிக் காட்டோர ரோட்டில் வழி கிடைத்தது. செகண்ட், தேர்ட். லைட்டைப் போட்டுக்கொண்டு ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை. அவசரப் பிரிவு வாசலில், ஆட்கள் இவரை இறக்கின பிறகும், நான் இன்ஜினை அணைக்கவில்லை. செக்யூரிட்டி வந்து, அணைச்சிடுங்கம்மா, வந்து சேர்ந்துட்டீங்க என்றார்.

உள்ளே வீக்கமாம். கரண்டினால் நீர் கோத்துக் குரல்வளை அடைத்துக்கொண்டதாம். ஊசி, மருந்துப் புகை, ஆக்சிஜன். வீக்கம் இறங்காவிட்டால் கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைக்கணும் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். போட்டேன். கணேசன் முழுக்க நனைந்து வந்து சேர்ந்தார். டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு பேரும் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு.

காலையில் விசில் பாதிதான். மதியம் இன்னும் குறைவு. துளை இப்போதைக்கு வேண்டாம் என்றார் டாக்டரம்மா. இன்னும் தாமதித்து வந்திருந்தால் என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அக். 8, புதன்

வெயில், நல்ல வெயில். மூச்சு சுத்தம். கரண்ட் மறுபடி ஆரம்பம். இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. வார்டிலிருந்தே கூட்டிப் போகிறார்கள்.

வண்டிக்குப் புது பேட்டரி. மெக்கானிக் க்ளட்ச் தேய்ந்துவிட்டது என்கிறார், மாற்றணும். என் முட்டியும் வீங்கியிருக்கிறது. அதை மாற்ற முடியாது, ஐஸ் கட்டி.

கணேசன் ஆட்டோமேட்டிக்கைத் திருப்பி அனுப்பிவிட்டாராம். "ரெண்டு வண்டி நிறுத்த எடமா இருக்கு மைனி" என்றார். எங்கோ பார்த்துக்கொண்டு. பொங்கலுக்குப் பிறகு ஒரு ஆட்டோமேட்டிக் வாங்குவதாக இருக்கிறேன். நானே போய்ப் பார்த்து, இவரையும் கேட்டு. இந்த முட்டியை வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் சின்னமலை சிக்னலில் நிற்க முடியாது.

அக். 14, செவ்வாய்

காலை வெயில், மதியம் மூட்டம். கடைசிக் கரண்ட் முடிந்தது. நர்ஸ்கள் கை தட்டினார்கள். இவர் கும்பிட்டார். டிஸ்சார்ஜ் ஆக மூன்று மணி. நோய் போயிற்றா என்பது ஜனவரியில் உள்ளே பார்த்துவிட்டுத்தான் சொல்வார்கள். குரல் எவ்வளவு வரும் என்பதும் அப்போதுதான். அதுவரை பொறு.

கணேசன் கடையிலிருந்து நேராக ஆட்டோவில் வந்தார். மருந்துப் பை, ஃபைல், தலையணை எல்லாம் அவர் கையில். வண்டியை வாசலுக்குக் கொண்டுவந்தேன். இவருக்கு முன்கதவைத் திறந்துவிட்டார் கணேசன். இவர் நின்று யோசித்தார். அப்புறம் பின்கதவைத் தானே திறந்து, தலையணையை வாங்கி வைத்து, காலை மடக்கிப் படுத்துக்கொண்டார். நான் பெல்ட் போடுவதற்குள் கண் மூடியாயிற்று.

கணேசன் முன்னால் ஏறினார். கதவுக்கு மேலே இருக்கிற பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். சர்தார் படேல் ரோடு நெரிசல். ஒரு பஸ் குறுக்கே வந்தது, செகண்டுக்கு இறக்கி விலகினேன்.

"மெதுவா மைனி."

"பேசாம வாங்க. அவிய தூங்குதாவ."